புதிய நிலமும் புரவியின் துணிவும்

தமிழ்கூறு நல்லுலகிற்குக் குதிரை பெரும்பாலும் கடல்வழி வந்த விலங்காகும். காவிரிப்பூம்பட்டினத் துறையிற் குதிரைகள் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டிறுதியில் நூறுதானும் எஞ்சுவதில்லை என்றும், அவற்றைப் பேணும் முறை அறிந்தார் இல்லாமையே அதற்குக் காரணம் என்றும் எழுதினார். விலங்கைப் புதிய நிலத்திற்குக் கொணர்தல் எளிது. அந்நிலத்தில் அதனை நிலைபெறச் செய்தலே அரிது. வெம்மையும் தீனியும் அதன் உடலைத் தாக்கும்; அச்சமோ உள்ளத்தைத் தாக்கும். அவ்வச்சத்தைப் போக்கும் முறையே ஈண்டு ஆராயப்படுகின்றது.

அப்பாண்டிநாட்டிற்குத் தெற்கே, கடலுக்கு அப்பால் அமைந்தது புத்தளக் கரை. 1344ஆம் ஆண்டில் இபுனு பத்தூதா வந்திறங்கிய பத்தாளா என்னும் பட்டினம் இதுவே என்பர் அறிஞர். களப்பும் உப்பளமும் கற்பிட்டி மணற்பரப்பும் உடையது இக்கரை. தென்மேற்குப் பருவக்காற்று இங்கு வலிதாக வீசும். உலர்த்திய வலைகள் காற்றில் அசையும். கட்டாக்காலிக் கழுதைகள் திடீரெனக் கத்தும். மாம்புரியிற் காற்றாலைகளின் நிழல் நிலத்திற் சுழலும். உள்நாட்டு இலாயத்தில் வளர்ந்த குதிரைக்கு இவை ஒவ்வொன்றும் பகையாகவே தோன்றும்.

இது குதிரையின் குற்றமன்று. கொடுவிலங்குகளுக்கு இரையாகும் இனத்திற் பிறந்தமையால், ஓடுதலே அதற்குக் காப்பு. பக்கவாட்டில் அமைந்த கண்களால் அது தன்னைச் சூழ்ந்த ஏறக்குறைய அனைத்தையும் காணும். எனினும், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ளவை அதற்குப் புலப்படா. ஆகவே, ஐயுற்றபோது அது நின்று ஆராயாது, முதலில் ஓடும், பின்னரே திரும்பி நோக்கும்.

இதனை உணர்ந்த பயிற்சியாளர், வந்த அன்றே குதிரையைக் கடற்கரைக்கு இட்டுச்செல்லார். முதலில் ஓய்வும், பழகிய தீனியும், இயலுமாயின் பழகிய துணைக்குதிரையும் அளிப்பர். பின்னர்க் காற்று அடங்கிய காலைப்பொழுதிற் கயிறு பற்றி நடத்துவர். வலையைக் கண்டு செவி நிமிர்த்தும் தொலைவிலேயே நிறுத்தி, அது நோக்கி அறிய இடந்தருவர். தலை தாழ்ந்து மூச்சுச் சீர்ப்பட்டதும் கயிற்றைத் தளர்த்தி, சற்றே அப்பால் அழைத்துச் செல்வர். அடுத்த முறை சில அடிகள் நெருங்குவர். ஒரு பக்கத்திலிருந்து கண்ட பொருள் மறுபக்கத்திலிருந்து புதிதாகத் தோன்றுமாதலின், இருபுறமும் காட்டுவர். களப்பு நீரில் இறக்குங்கால், பழகிய குதிரையை முன்செல்ல விடுவர். சோர்வு தோன்றுமுன் பயிற்சியை முடிப்பர்.

அடித்து நெருக்கினால் விளைவது யாது? வலைக்கு அஞ்சிய குதிரை, வலையோடு நோவையும் இணைத்து நினைவிற் கொள்ளும், அச்சம் இருமடங்காகும். கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் செனபோன் தம் குதிரைநூலில் இதனை எடுத்துரைத்து, சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்றும் அறிவுறுத்தினார்.

அடிக்கு அஞ்சிய குதிரை அன்று ஒருநாள் அவ்விடத்தைக் கடத்தல் கூடும். ஆனால், அஞ்சத் தக்கது அங்கு யாதுமில்லை எனத் தானே அறிந்த குதிரை மறுநாளும் தயங்காது கடக்கும். தன்னை நடத்துவோன் தன்னைத் துன்பத்துள் தள்ளான் என்னும் நம்பிக்கை உண்டாயின், அது காணாத கரைகளிலும் துணிந்து அடியெடுத்து வைக்கும். பயிற்சியின் பயன் அதுவே.