செல்போன் எப்போது மெல்லப் பேசும்? எப்போது கத்தும்?



கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் நம் உறுப்பினர்கள் பலர், "காலையில ஃபுல்லா சார்ஜ் போட்டேன், ஷிப்ட் முடியறதுக்குள்ள போன் செத்துப்போச்சு" என்கிறார்கள். பேசாத போனில் சார்ஜ் எங்கே போகிறது? தெரிந்துகொள்வோம்.

டவர் சொல்வதைப் போன் கேட்கும்

செல்போன் ஒரு குட்டி ரேடியோ நிலையம். நம் குரலை அலையாக்கி டவருக்கு அனுப்புகிறது. டவர் பக்கத்தில் இருந்தால் மெல்லப் பேசினால் போதும். தள்ளி இருந்தால் கத்த வேண்டும். திறந்தவெளியிலேயே தூரம் 2 மடங்கானால், போய்ச் சேரும் சக்தி 4-ல் 1 பங்காகிவிடும். நடுவில் சுவரோ இரும்பு ஷெட்டோ இருந்தால் இன்னும் குறையும்.

எவ்வளவு சக்தியில் பேச வேண்டும் என்று டவரே போனுக்குச் சொல்கிறது. "கூட்டு, குறை" என்ற இந்த உத்தரவு 2ஜி-யில் வினாடிக்குச் சுமார் 2 முறை போகும். 3ஜி-யில் வினாடிக்கு 1500 முறை போனது! 2ஜி போன் அதிகபட்சம் 2 வாட் வரை கத்தும். 4ஜி போனுக்குப் பொதுவாக 0.2 வாட்தான்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு?

நம் குழுக் கூட்டத்தையே நினைத்துப் பாருங்கள். ஊக்குநர் பக்கத்தில் இருப்பவர் சத்தம் போட்டால், கடைசியில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது காதில் விழுமா? டவருக்கும் அதே கஷ்டம்தான். பக்கத்துப் போன் மெல்லப் பேசினால்தான் தூரத்துப் போனின் குரல் கேட்கும். நம் சார்ஜும் மிஞ்சும்.

தகரக் கூரை ஷெட்டுக்குள் சிக்னல் சரியாக நுழையாது. அங்கே வாட்ஸ்அப் செய்தி போவதற்குக்கூடப் போன் முழு சக்தியில் கத்தும். டவரே கிடைக்காவிட்டால் தேடிக்கொண்டே இருக்கும். சார்ஜ் போவது இப்படித்தான்.

டவர் தூரமாக இருப்பது நல்லதா?

"ஊருக்குள்ள டவரே வேண்டாம்" என்று சிலர் பயப்படுகிறார்கள். டவரின் கதிர்வீச்சுக்கு அரசு அளவு வைத்திருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல், சர்வதேச அளவில் 10-ல் 1 பங்காக அதைக் குறைத்தது. ஒன்றை மறக்க வேண்டாம். டவர் எட்டப் போனால், நம் காதை ஒட்டியிருக்கும் போன்தான் அதிகம் கத்தும்.

நாம் செய்ய வேண்டியவை

1. சிக்னல் ஒரு பாயிண்ட் காட்டும்போது நீண்ட நேரம் பேசாதீர்கள். ஜன்னல் பக்கமோ வெளியிலோ வந்து பேசுங்கள்.

2. பேசியே ஆகவேண்டுமானால் ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோ பேசுங்கள்.

3. கம்பெனி லாக்கரில் போனை வைப்பவர்கள், ஃப்ளைட் மோடில் போட்டு வையுங்கள். அப்போது வீட்டிலிருந்து அழைத்தால் வராது. அதனால் கம்பெனி கேட் நம்பரை வீட்டில் எழுதி வையுங்கள்.

4. இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது சார்ஜ் மிச்சம் இருக்கட்டும். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. நம் சிம் கம்பெனியின் டவர் இல்லாத இடத்தில், 112-ஐ அழைத்தால் போன் வேறு கம்பெனி டவர் வழியாகவும் முயலும்.

பூஸ்டர் வாங்கலாமா?

வேண்டாம். "வீட்டுல மாட்டினா ஃபுல் சிக்னல்" என்று விற்கும் பூஸ்டரை அனுமதியில்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம். டவர் "மெல்லப் பேசு" என்று சொன்னால் அது கேட்காது; கூட்டத்தில் சத்தம் போடுபவர் மாதிரிதான். நம் வீட்டுக்கு சிக்னல் வரும், தெருவுக்கே போய்விடும். பக்கத்து வீட்டில் பிரசவ வலிக்கு 108-ஐ அழைப்பவருக்கு லைன் கிடைக்காமல் போகலாம்.

சிக்னல் இல்லாத ஊராக இருந்தால் குழுவாகச் சேர்ந்து செல்போன் கம்பெனிக்கு மனு எழுதுங்கள். கிராம சபையிலும் பேசுங்கள். அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, 112, 181 எண்களை எல்லோர் போனிலும் பதிந்து கொடுங்கள்!