அண்ணம் பிளந்த பிள்ளைக்குப் பால் பருக்குதல்

பிளவுள்ள பிள்ளையைப் பார்க்கப் போகும் நாம், "கிரகணத்தன்று என்னத்தை வெட்டினாய்?" என்று தாயைக் கேட்டு விடுகிறோம். கருவில் அண்ணத்தின் இரு பக்கமும் மூன்றாம் மாதமளவில் வளர்ந்து பொருந்தும். சில பிள்ளைகளுக்குப் பொருந்தாது நின்று விடுகிறது. உதட்டிலோ அண்ணத்திலோ பிளவு, உலகில் ஏறத்தாழ 700 பிள்ளைகளில் ஒன்றுக்கு உண்டு. கிரகணத்துக்கு இதில் பங்கில்லை.

அவசரமான காரியம் பால். அண்ணத்தில் துவாரம் இருந்தால் பிள்ளையால் இழுத்து உறிஞ்ச முடியாது. மணிக்கணக்காய் முலையில் கிடந்தும் பசியோடு அழும். தாய்க்குப் பாலில்லை என்று அயலார் தீர்ப்புச் சொல்வர். பால் இருக்கிறது. அதைப் பீச்சி, அவித்தெடுத்த சிறு கோப்பையால் அல்லது கரண்டியால் பருக்க வேண்டும். பிள்ளையை மடியில் நிமிர்த்திப் பிடித்துச் சிறிது சிறிதாய்க் கொடுங்கள். மூக்கால் கொஞ்சம் வந்தால் பயப்பட வேண்டாம்; துடைத்து விட்டுத் தொடரலாம். திணறினாலோ நீலம் பாரித்தாலோ நிறுத்தி வைத்தியரிடம் ஓடுங்கள். காற்றையும் விழுங்குவதால் இடையிடையே முதுகைத் தட்டி ஏவறை விடச் செய்யுங்கள். நிறை ஏறுகிறதா என்று மருத்துவ மாது பார்க்கட்டும்.

இரவு பகலாக இப்படிப் பருக்கும் தாய் எப்போது தண்ணீர் அள்ளுவாள்? ஒரு சட்டி கஞ்சி கொண்டு போவோம்; மூத்த பிள்ளைகளை எம்மோடு வைத்திருப்போம். அனுதாபப் பேச்சு அவளுக்குப் போதுமான அளவு கிடைத்து விட்டது.

உதட்டுக்கு மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்துக்கு ஒன்பது முதல் பதினெட்டு மாதத்திலும் சத்திரசிகிச்சை செய்வது வழக்கம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். பஸ் காசும் தகப்பன் இழக்கும் கூலியுந்தான் பாரம். அதை நாலு வீடு பங்கிடலாம். அடிக்கடி இடம் மாறும் குடும்பங்கள் கிளினிக் கொப்பியைக் காணி உறுதியோடு சேர்த்துப் பொதிந்து வையுங்கள். காது கேட்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். இப்பிள்ளைகளுக்குக் காதில் நீர் தேங்குவது அதிகம்.