சம்பில்துறையில் இறங்கிய வெள்ளரசு

கழுத்தளவு நீரில் இறங்கி நின்று, வந்த மரக்கன்றைத் தலைமேல் ஏந்திக் கரைசேர்த்தான் இலங்கை மன்னன் தேவநம்பிய தீசன் என்கிறது அந்நாட்டின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம். கன்றோடு கப்பலில் வந்தவர் அசோகரின் மகள், பிக்குணி சங்கமித்தை. காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு. அவர் இறங்கிய ஜம்புகோளத் துறை, யாழ்ப்பாணத்தில் மாதகலை அடுத்துள்ள சம்பில்துறை என்றே அடையாளம் காணப்படுகிறது. அந்தக் கன்று, புத்தர் ஞானம் பெற்ற அரசமரத்தின் தென்கிளை. கத்தி படக்கூடாத மரத்திலிருந்து கிளையை எப்படிப் பிரிப்பது என்று அசோகர் தேரர்களிடம் கேட்டதையும் அந்நூல் சொல்கிறது.

அனுராதபுரத்தின் மகாமேகவனத்தில் நட்ட அந்த வெள்ளரசு இன்றும் தளிர்விடுகிறது. மனிதர் நட்டு, நட்ட காலமும் ஏட்டில் பதிவான மரங்களில் இதுவே உலகில் மிகப் பழையது என்பார்கள். எனக்கோ, வயதைவிட அதைக் காத்த கைகளே பெரிதாகத் தெரிகின்றன. அரசமரம் தானாகவே இத்தனை காலம் நின்றுவிடாது. தலைநகரம் தெற்கே நகர்ந்து காடு மூடிய நூற்றாண்டுகளிலும் பிக்குகளும் அயல் கிராமத்தாரும் அதைக் கைவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டில், மதுரை நாயக்கர் வழிவந்த கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், காட்டுயானைகள் நெருங்காதபடி சுற்றுமதில் எழுந்தது. 1907இலும் 1911இலும் புயலில் கிளைகள் முறிந்தன. 1929இல் ஒருவன் ஒரு கிளையை வெட்டியே விட்டான். இன்று உயர்ந்த மேடையில், பொன்முலாம் பூசிய முட்டுக்கால்கள் தாங்க, பொன்வேலிக்குள் நிற்கிறது மரம். கீழ்த்தளத்தில் சூழ நிற்கும் வேறு அரசமரங்கள் காற்றின் வேகத்தைத் தாங்கிக்கொள்கின்றன. பக்தர்கள் கிளையைத் தொடுவதில்லை. உதிர்ந்த இலை கிடைத்தால் பத்திரப்படுத்துகிறார்கள்.

தாய்மரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. புத்தகயையில் அதை வங்க மன்னன் சசாங்கன் வெட்டி எரித்ததாகச் சீனப் பயணி யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். மீண்டும் துளிர்த்து வளர்ந்த மரமும் 1876 புயலில் விழுந்தது. இப்போது அங்கே நிழல் தருவது, அதன் பிறகு தொல்லியலாளர் கன்னிங்ஹாம் காலத்தில் நட்ட கன்று. ஆனால் வம்சம் ஓரிடத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. இலங்கைப் பௌத்தத் தலைவர் அநாகாரிக தர்மபாலர் சாரநாத்தில் எழுப்பிய மூலகந்தகுடி விகாரை 1931இல் திறக்கப்பட்டபோது, அங்கே நடுவதற்கு அனுராதபுரத்திலிருந்தே கன்று போனது. கடல் கடந்து வந்த கிளையின் வழித்தோன்றல், புத்தர் முதல் உரை நிகழ்த்திய மண்ணில் வேர்விட்டது.

டிசம்பரில் வரும் உந்துவப் போயா எனும் முழுநிலவு நாளில் சங்கமித்தையின் வருகையைக் கொண்டாடுகிறார்கள். பெரும்போக அறுவடை முடிந்ததும் விவசாயிகள் புத்தரிசியின் முதல் பங்கை மரத்தடிக்குக் கொண்டுவருகிறார்கள். தாங்கள் உண்பது அதற்குப் பிறகுதான்.