பழைய லேப்டாப்பில் மெதுவானது எது?

ஏழெட்டு வருடம் உழைத்த லேப்டாப் ஆன் ஆகவே சில நிமிடம் எடுத்துக்கொண்டால், "மெஷினுக்கு வயதாகிவிட்டது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் வழக்கு வேறு மாதிரித் தெரியும். பல லேப்டாப்களில் பிராசஸர் ஏறக்குறைய சும்மா இருக்க, ஹார்ட் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் திணறிக்கொண்டிருக்கும். அந்த டிஸ்க் இன்று மெதுவானதல்ல, அதன் அமைப்பே அப்படி. லேப்டாப்களில் பரவலாக இருந்த டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். வேண்டிய தகவல் படிக்கும் முனையின் கீழ் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனையைத் தாங்கிய கை இடம் மாற இன்னும் 12 மில்லி செகண்ட் போலச் செலவாகும். ஆக, சிதறிக் கிடக்கும் சிறு தகவல்களை நொடிக்கு அறுபது முறைகூடப் படிப்பது கடினம். விண்டோஸ் எழுந்திருக்கவோ ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்கள் வேண்டும். இந்த டிஸ்குக்கு மாற்றாகப் பொருத்தக்கூடிய எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லை. அதே வேலையை நொடிக்கு ஆயிரக்கணக்கில் முடித்துவிடும்.

ராம் கூட்டினால் போதாதா என்பார்கள். கூட்டுவது நல்லதுதான். ஆனால் 4 ஜிபி நிரம்பியதும் மிச்சத்தை டிஸ்கில்தான் ஒதுக்குகிறது சிஸ்டம். அந்த டிஸ்க் மெதுவாக இருப்பதால்தான் ராம் பற்றாக்குறை அவ்வளவு உறைக்கிறது. பழைய சாட்டா இணைப்பு நொடிக்குச் சுமார் 550 எம்பிக்கு மேல் தராதே என்பது அடுத்த கேள்வி. அன்றாட வேலையில் நேரத்தைத் தின்பது காத்திருப்பு, மொத்த அளவு அல்ல. காத்திருப்பு சாட்டாவிலும் ஒழிந்துவிடும். எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும் என்பது உண்மை. ஆனால் 80 டிபி எழுதலாம் என்று தயாரிப்பாளர் உறுதி தரும் 240 ஜிபி எஸ்எஸ்டியில் தினம் 20 ஜிபி எழுதினாலும், அந்த வரம்பைத் தொட 4000 நாளாகும்.

மாற்றும் வேலை பெரிதல்ல. பவரை எடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, பின்மூடியைத் திறந்தால் 2.5 இன்ச் டிஸ்க் ஒரு தகட்டுச் சட்டத்தில் ஸ்க்ரூக்களால் பிடித்திருக்கும். சட்டத்தைப் புதியதற்கு மாற்றிச் சொருக வேண்டும். பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமன், புதியது 7 என்றால் இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் ஆடாது. பழையதை அப்படியே குளோன் செய்வது எளிதுதான். ஆனால் பல வருடம் சேர்ந்த தேவையற்ற புரோகிராம்களும் பழுதான ஃபைல்களும் கூடவே குடிவந்துவிடும். 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றிப் புதிதாகப் போடுவதே சுத்தம். லைசென்ஸ் போய்விடுமோ என்ற அச்சம் வேண்டாம். விண்டோஸ் 10 முதல் டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டை ஒட்டியது. அதே எடிஷனைப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் பொதுவாகத் தானே ஆக்டிவேட் ஆகும்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். அது மென்பொருள் விதித்த கெடு, கருவியின் ஆயுள் அல்ல. பிரவுசரும் எழுத்து வேலையும் போதுமென்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் தாராளம். மதர்போர்டு பழுதானாலோ, சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைத்த இஎம்எம்சியாக இருந்தாலோ இந்த வைத்தியம் செல்லாது. மற்றபடி, புது லேப்டாப் விலையைக் கேட்பதற்கு முன் எஸ்எஸ்டி விலையைக் கேட்பதே முறை. கழற்றிய டிஸ்கை மட்டும் உடனே அழித்துவிடாமல், ஃபைல்கள் எல்லாம் வந்துசேர்ந்தன என்று சரிபார்க்கும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.