உறுதி வேறு, உரித்து வேறு

"வாப்பாட வீடு. இருபது வருஷமா நான்தான் பார்த்துக்கொண்டு வாறன். வித்தா யாருக்கு என்ன?" கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வீடு விற்கும் பேச்சு நடக்கும் இடங்களில் காதில் விழும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் மோசடிக்காரர் அல்லர். தன்னுடையதைத்தான் விற்பதாக நம்புகிறார். ஆபத்து அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். வாப்பா மௌத்தாகி, உம்மாவும் ஒரு மகனும் இரண்டு மகள்மாரும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மரணசாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அவர் சார்ந்த மத்ஹபின் சட்டத்துக்கு அமையவே பங்காகும். கடன்கள் தீர்ந்தபின் வீட்டை 32 பங்காக வைத்தால் உம்மாவுக்கு 4, மகனுக்கு 14, மகள்மாருக்குத் தலைக்கு 7. மகன் தனியே கையொப்பமிட்டு முழு வீட்டையும் விற்றால், வாங்கியவருக்குச் சேர்வது அந்த 14 பங்கு மாத்திரமே. மிச்சம் 18 பங்குக்கும் உரியவர்கள் எவரும் 1977ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றம் போகலாம்.

"நொத்தாரிசு எழுதினது, பதிஞ்சும் இருக்கு" என்பது அடுத்த சமாதானம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணி விற்பனைக்கு நொத்தாரிசு உறுதியையும் இரண்டு சாட்சிகளையும் கேட்கிறது. அது எழுதும் முறையைப் பற்றியது. 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டம், ஒரே ஆள் ஒரே காணியை இருவருக்கு விற்றால் எந்த உறுதி முந்தும் என்று தீர்க்க உதவும். இல்லாத உரித்தைப் பதிவு உண்டாக்காது.

"இருபது வருஷம் ஆட்சி" என்ற வாதமும் இலகுவில் நிற்காது. 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து வருட எதிரான ஆட்சி உரிமை தரும் என்பது உண்மை. ஆனால் கூட்டுப் பங்காளி ஒருவரின் ஆட்சி எல்லாப் பங்காளிகளுக்குமான ஆட்சியாகவே கொள்ளப்படும் என்று கொரேயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில் கோமறைக் கழகம் நூறு வருடத்துக்கு முன்பே தீர்ப்பளித்துவிட்டது. சகோதரிகளின் உரிமையை மறுத்து, அதை அவர்கள் அறிய வெளியேற்றியதைக் காட்டாமல் நாளை மட்டும் எண்ணிப் பயனில்லை.

விற்றவரின் பொறுப்பும் பணம் வாங்கியதோடு முடிவதில்லை. நமது உரோமன் - டச்சுச் சட்டத்தில், வெளிப்படையாக விலக்கப்படாவிட்டால், வாங்கியவர் வெளியேற்றப்படமாட்டார் என்ற உத்தரவாதம் விற்பனையிலேயே அடங்கியிருக்கிறது. வழக்கு வந்தால், உரித்தைக் காக்க வருமாறு வாங்கியவர் விற்றவருக்கு அறிவிக்க வேண்டும். தோற்றால் விலைப்பணமும் நட்டஈடும் திரும்பிப் போகவேண்டி வரும். தனக்கு உரித்தில்லை என்று தெரிந்தே ஏமாற்றிப் பணம் பெற்றால் தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவு ஏழு வருடம் வரை சிறை விதிக்கிறது.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இதே பிரச்சினை வேறு உருவில் வரும். கூட்டாதன வரைபடம் பதியப்படும்வரை தனி வீட்டுக்கு உறுதி எழுத வழியில்லை. ஒப்பந்தத்தை மட்டும் கையில் வைத்திருப்பவர் தன் பிளாட்டை விற்றால், அவர் கைமாற்றுவது கட்டியவர்மீது தனக்குள்ள உரிமைக் கோரிக்கையைத்தான், வீட்டையல்ல.

நம்முடைய பிக்ஹும் சட்டத்தோடு இங்கே ஒத்துப்போகிறது. பங்காளியின் அனுமதியின்றிப் பொதுச் சொத்தை விற்றால் விற்றவரின் பங்கில் மட்டுமே விற்பனை செல்லும், அறியாமல் வாங்கியவர் அதை முறித்துக்கொள்ளலாம் என்பதே இமாம் நவவியின் 'மின்ஹாஜ்' முற்படுத்தும் ஷாபிஈ கருத்து. ஹனபி மத்ஹபில் மற்றவரின் பங்கின் விற்பனை அவரது சம்மதம் வரும்வரை தொங்கி நிற்கும்.

ஆகவே, விற்பவரும் வாங்குபவரும் அட்வான்ஸுக்கு முன் செய்ய வேண்டியவை சில. காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவுகளைச் சட்டத்தரணி மூலம் தேடுங்கள். வாரிசுகள் அனைவரும் கையொப்பமிடட்டும். பராயமடையாத பிள்ளையின் பங்கிருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். தங்கச்சியின் ஏழு பங்கை முதலில் விலை கொடுத்து எழுதி எடுங்கள். "அவ ஒண்டும் கேக்கமாட்டா" என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாத வாக்கு. அவள் கேட்காவிட்டாலும் அவளுடைய பிள்ளைகள் கேட்பார்கள்.