வீட்டுக் கடனும் நம் தகுதியும்

மாட்டுங்காவிலும் கரோல் பாகிலும் அல்சூரிலும் குடிக்கூலி கொடுத்தே வாழ்நாளைக் கழித்த நம்மவர் பலர் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஊர் திரும்புவோம் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. இன்று பிள்ளைகள் பிறப்பதும் படிப்பதும் வேலை பார்ப்பதும் இங்கேயே என்றாகிவிட்டது. எனவே, இருக்கும் ஊரிலேயே ஒரு வீடு வேண்டும் என்ற விருப்பம் எழுவது இயல்பே. அதற்காக வங்கியை நாடுவோர் முதலில் கேட்கும் கேள்வி, “எவ்வளவு கடன் கிடைக்கும்?” என்பதாகும். இதற்கு வங்கி எவ்வாறு விடை காண்கிறது என்பதையும், அவ்விடையை நாம் எப்படிக் கொள்ள வேண்டும் என்பதையும் இங்கே ஆராய்வோம்.

வீட்டுக் கடனாவது, வாங்கும் வீட்டையே ஈடாக வைத்துப் பெறும் கடன். கடன் தீரும்வரை மூலப் பத்திரங்கள் வங்கியின் கையில் இருக்கும். ஆகவே வங்கி இரண்டை எடை போட்டுப் பார்க்கிறது: கடன் கேட்கும் ஆள் ஒன்று, ஈடாக வரும் வீடு மற்றொன்று. இவ்விரண்டில் எதன் எடை குறைந்தாலும் கடன் தொகை குறையும்.

ஆளை அளக்கும் முறையை முதலில் காண்போம். மாதந்தோறும் கைக்கு வரும் சம்பளத்தில் ஏறத்தாழப் பாதிக்குமேல் தவணைகளுக்குப் போகலாகாது என்பது வங்கிகளின் பொதுவான கணக்கு. ஒருவருக்கு மாதம் 70,000 ரூபாய் கைக்கு வருகிறது என்று கொள்வோம். பாதி 35,000. வாகனக் கடனுக்கு அவர் மாதம் 6,000 கட்டி வந்தால் எஞ்சுவது 29,000. வட்டி நூற்றுக்கு 8.5, காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், ஓர் இலட்சம் கடனுக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய் ஆகிறது. எனவே 29,000 ரூபாயைக் கொண்டு சுமார் 33 இலட்சம் கடன் பெறலாம். கடன் ஓய்வு பெறும் வயதுக்குள் தீர வேண்டும் என்றே வங்கிகள் பெரும்பாலும் எதிர்பார்க்கின்றன. நாற்பத்தைந்து வயதில் கேட்பவருக்குப் பதினைந்து ஆண்டே கிடைக்குமாயின், இலட்சத்துக்குத் தவணை 985 ரூபாயாக உயரும். கடனோ 29 இலட்சமாகச் சுருங்கும். கணவனும் மனைவியும் சம்பாதிப்பவராயின், கூட்டாக விண்ணப்பித்து இருவர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம்.

அடுத்து, நாணயம். முன்பெல்லாம் ஒருவரது நாணயத்துக்கு அக்கம்பக்கத்தார் சாட்சி சொன்னார்கள். இன்று அதனைக் கடன் தகவல் நிறுவனங்கள் சொல்கின்றன. அவற்றுள் 2000ஆம் ஆண்டில் தோன்றிய சிபில் பலரும் அறிந்தது. இந்நிறுவனங்கள் நம் பழைய கடன்களைப் பார்த்து 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகின்றன. 750ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் வங்கிகள் பெரும்பாலும் தயங்குவதில்லை. கிரெடிட் கார்டுத் தவணை ஒன்றைத் தவறவிட்டாலும் அது பதிவாகும். ஊர்க்காரர் என்ற பாசத்தால் ஒருவருக்கு ஜாமீன் கையொப்பம் இட்டிருந்தால், அந்தக் கடனும் நம் அறிக்கையில் இடம்பெறும். அவர் கட்டத் தவறினால் நமக்கும் அது கறையாகும். இவ்வறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமின்றிப் பெறலாம். விண்ணப்பிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே அதனைப் பெற்றுப் பார்த்தால், பிழைகளைத் திருத்திக்கொள்ளவும் காலம் இருக்கும்.

இனி, வீடு. விலை முழுவதையும் எந்த வங்கியும் தராது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 இலட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறும், 75 இலட்சம் வரை எண்பதும், அதற்கு மேல் எழுபத்தைந்துமே உச்ச வரம்பு. வீட்டின் விலை பத்து இலட்சத்துக்கு மேற்பட்டால், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அம்மதிப்பில் சேரா. மேற்சொன்னவர் 45 இலட்சத்துக்கு வீடு பார்க்கிறார் என்போம். அதில் எண்பது பங்கு 36 இலட்சம். ஆனால் அவர் வருமானத்துக்குக் கிடைப்பது 33 இலட்சமே. இரண்டில் குறைந்ததே செல்லும். எனவே கைப்பணம் 12 இலட்சம் வேண்டும். தீர்வையும் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அவற்றுக்கென மேலும் 3 இலட்சமாவது ஒதுக்கி வைப்பது நலம்.

பத்திரங்களின் நிலையும் ஊருக்கு ஊர் வேறு. மும்பையில் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் பங்குச் சான்றும் ஆட்சேபம் இல்லை என்ற கடிதமும் வேண்டும். பெங்களூரில் கத்தாவைக் கேட்பார்கள். டில்லியில் ‘பவர்’ பத்திரத்தைக் கொண்டே கைமாறிய வீடுகள் பல உள்ளன. அத்தகைய பத்திரம் உடைமையை மாற்றித் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்தியது. அவ்வீட்டை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்கும். மராத்தியிலோ கன்னடத்திலோ எழுதிய பத்திரத்தை, நம்பகமான வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பொருள் சொன்ன பின்னரே நாம் கையொப்பமிட வேண்டும்.

இவ்வளவும் வங்கியின் கணக்கு. நம் கணக்கு இனித்தான் தொடங்குகிறது. ஊரிலுள்ள பெற்றோருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணம் வங்கியின் கணக்கில் கடனாக ஏறுவதில்லை. தங்கையின் திருமணத்துக்குக் கட்டும் சீட்டும், பொங்கலுக்கு ஊர் போய்வரும் ரயில் செலவும் அப்படியே. மேற்சொன்னவர் ஊருக்கு மாதம் 10,000 அனுப்புபவராயின், அவரால் உண்மையில் கட்ட இயலும் தவணை 19,000. அதற்குரிய கடன் 22 இலட்சமே. வங்கி சொல்லும் முப்பத்துமூன்றுக்கும் இந்த இருபத்திரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் பல குடும்பங்கள் இடறி விழுகின்றன. வட்டியும் நிலையானதன்று. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4லிருந்து 6.5ஆக உயர்ந்தபோது, மாறும் வட்டியில் கடன் வாங்கியோரின் தவணையோ காலமோ நீண்டது. தவணை தொண்ணூறு நாள் நிலுவையானால் கடன் வாராக்கடனாகும். பின்னர், 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அறுபது நாள் அறிவிப்புக் கொடுத்து, வங்கி வீட்டைக் கைப்பற்ற முற்படலாம்.

ஆதலின் வரிசை முக்கியம். முதலில் நம் கணக்கு. அடுத்து வங்கியின் கணக்கு. வீடு பார்ப்பதும் முன்பணம் கொடுப்பதும் அதன் பிறகே. கட்டுநர் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்குமுன் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம். பழைய வீடாயின், கடன் கிடைக்காவிடில் முன்பணம் திரும்பும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவோம். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம் பெரியோர் வாக்கு. விரலின் அளவை வங்கி ஓரளவே அறியும். முழுதும் அறிந்தவர் நாமே.