தாதியியல் பட்டம்: படிவம் நிரப்ப முன்னர் பேச வேண்டியவை

ஏ.எல். பெறுபேறு வெளியாகி இசட் புள்ளி கைக்குக் கிடைத்ததும் எங்கள் ஊரில் நடக்கும் பேச்சு எல்லா வருடமும் ஒன்றுதான். பயோ படித்த பிள்ளைக்கு மெடிசின் கிடைக்குமா, கிடைக்காதா? கிடைக்காது என்று தெரிந்துவிட்டால் வீடு மையித்து வீடு மாதிரி ஆகிவிடுகிறது. மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளை மூலையில் அழுதுகொண்டிருக்கும். வாப்பா யாரோடும் பேசமாட்டார். நான் உயிரியல் படிப்பிக்கிறவள். பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்புகிற காலத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் என்னைத் தேடி வருவதுண்டு. "டீச்சர், இவட புள்ளிக்கு வேற என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். "நேர்சிங் இருக்கு" என்று நான் சொன்னால் பாதிப் பேர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

அந்தப் பார்வைக்குக் காரணம், தாதியியல் பட்டம் என்றால் என்னவென்று எம்மவரில் பலருக்குச் சரியாகத் தெரியாமையே. ஆஸ்பத்திரியில் மிஸி ஊசி போடுவதைக் கண்டிருக்கிறோம். அந்த மிஸி நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்த விஞ்ஞானப் பட்டதாரியாக இருக்கலாம் என்பது எமது நினைவில் வருவதில்லை.

இலங்கையில் தாதி உத்தியோகத்தராவதற்கு இரண்டு பிரதான வழிகள் இருக்கின்றன. ஒன்று பழைய வழி. சுகாதார அமைச்சின் கீழுள்ள தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்று வருட டிப்ளோமா. இதற்கு வர்த்தமானி அறிவித்தல் வரும். தகைமை, வயதெல்லை, உடற்தகுதி எல்லாம் அதிலே இருக்கும். பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கண்டி, குருநாகல், காலி என்று பல இடங்களில் இந்தக் கல்லூரிகள் இயங்குகின்றன. வர்த்தமானி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள தொல்லை.

மற்றையது பல்கலைக்கழக வழி. ஸ்ரீ ஜயவர்தனபுர, கொழும்பு, பேராதனை, றுகுணை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் நான்கு வருட தாதியியல் பட்டம் இருக்கிறது. கொழும்பில் தாதியியலுக்கென்றே தனிப் பீடம் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இது மட்டக்களப்பிலுள்ள சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் நடக்கிறது. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலைப் பெற்றோருக்கு இது பெரிய வசதி. வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் பிள்ளை இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கும். ஒலுவிலில் இருக்கிறதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞானம், பொறியியல், தொழினுட்பம் எல்லாம் இருக்கின்றன. நான் இதை எழுதும்போது தாதியியல் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் ஆசை, ஆனால் அது வேறு கட்டுரைக்கான விடயம்.

தேவையான தகைமை என்ன? உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றிலும் சித்தி. பொதுச் சாதாரணப் பரீட்சை என்று ஒன்றை எல்லோரும் அலட்சியமாக எழுதுகிறார்களே, அதில் குறைந்தது 30 புள்ளி. பிறகு இசட் புள்ளி. ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளை எடுத்த புள்ளி, அந்தப் பாடத்தின் நாடளாவிய சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை அளந்து, மூன்று பாடங்களுக்கும் சேர்த்து எடுக்கும் சராசரிதான் அது. அதனால்தான் மூன்று சீ எடுத்த இரண்டு பிள்ளைகளுக்கு வெவ்வேறு இசட் புள்ளி வருகிறது. யாரும் அநியாயம் செய்யவில்லை.

விஞ்ஞானப் பாடநெறிகளுக்கான இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பப் பிரிக்கப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, புத்தளம், மன்னார், அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை எல்லாம் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. ஆகவே, கொழும்பில் இருக்கும் மச்சானுடைய மகளின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மூதூர்ப் பிள்ளையின் வாய்ப்பைத் தீர்மானிக்காதீர்கள்.

இனி படிவம். பிள்ளைகள் இடத்தைப் பறிகொடுப்பது பெரும்பாலும் இங்கேதான். மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் ஒரு கைந்நூல் வெளியிடுகிறது, தமிழிலும் கிடைக்கும். அதிலே ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் குறியீடு இருக்கும். பிள்ளை தன் விருப்ப வரிசைப்படி அந்தக் குறியீடுகளை எழுத வேண்டும். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, எந்த இடத்தில் புள்ளி போதுமாக இருக்கிறதோ அங்கே நிறுத்தி இடம் கொடுப்பார்கள். அப்படியென்றால், தாதியியல் படிக்க மனமுள்ள பிள்ளை உயிரியல் விஞ்ஞானத்தை மேலே போட்டு தாதியியலைக் கீழே போட்டால், உயிரியல் விஞ்ஞானத்துக்குப் புள்ளி போதும் எனும்போது அதுதான் கிடைக்கும். தாதியியல் வரை யாரும் இறங்கி வரப்போவதில்லை. "சும்மா கடைசியில ஒண்டு போட்டு வைப்பம்" என்பது மாமாமார் சொல்லும் யோசனை. தாதியியல் வேண்டுமென்றால் வேண்டிய இடத்திலே போட வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வெட்டுப்புள்ளி மாறுவதால் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிற்கவும் கூடாது.

இதைவிடச் சிக்கலானது மூன்றாம் தடவைக் கதை. ஏ.எல். பரீட்சைக்கு மூன்று முறை தோற்றலாம். ஒரு முறை பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துவிட்டால் அடுத்த வருடம் இன்னொரு பாடநெறிக்கு மறுபடி தெரிவாக முடியாது. ஆகவே இரண்டாம் தடவையில் தாதியியல் கிடைத்த பிள்ளையைப் பதிய விடாமல் மறித்து, "அடுத்த முறை மெடிசின் எடுப்பா, இன்ஷா அல்லாஹ்" என்று டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை அப்படி மறிக்கப்பட்டவள். மூன்றாம் தடவையில் இசட் புள்ளி முன்னையதைவிடக் குறைந்தது. தாதியியலும் இல்லை, மெடிசினும் இல்லை. இரண்டாம் தடவைப் புள்ளி வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் தப்பியிருந்தால் மூன்றாவது முறை எழுதச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தூரம் அதிகமென்றால், கையில் கிடைத்ததை விடச் சொல்கிறவர் அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தோடு சூது விளையாடுகிறார் என்றே நான் சொல்வேன்.

படிப்பு எப்படியிருக்கும்? மொழி ஆங்கிலம். முதல் கட்டத்தில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனம், நுண்ணுயிரியல். கூடவே தாதியத்தின் அடிப்படைகள். பிறகு சத்திரசிகிச்சை வாட், பிள்ளைகள் வாட், பிரசவம், உளநலம், சமூக சுகாதாரம் என்று பிரிந்து போகும். கடைசியில் ஓர் ஆய்வும் செய்ய வேண்டும். வகுப்பறையோடு முடிகிற படிப்பில்லை, போதனா வைத்தியசாலைகளில் நின்று பழக வேண்டும். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது. தகுதியுள்ளவர்களுக்கு மஹாபொல அல்லது மாணவர் உதவிப்பணம் கிடைக்கும். தமிழ் மொழியில் ஏ.எல். எழுதிய எமது பிள்ளைகள் முதல் சில மாதம் ஆங்கிலத்தோடு தடுமாறுவார்கள். பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் திறக்கும் வரை நீண்ட காலம் வீட்டில் இருக்கிறார்களே, அதிலே ஆங்கிலம் படித்தால் பாதிப் பாரம் குறையும். சிங்களமும் கொஞ்சம் பழகுங்கள். வாட்டில் அது சோறு மாதிரி.

ஆண் பிள்ளைகளுக்கும் இந்தப் பட்டம் உரியதுதான். மானியங்கள் ஆணைக்குழுவின் தெரிவில் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை.

கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் தாதியியல் பட்டம் இருக்கிறது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சிவில் மாணவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும். ஏற்கெனவே டிப்ளோமா முடித்துப் பதிவுபெற்ற தாதியாக வேலை செய்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டம் உண்டு. வேலையை விடாமலே படிக்கலாம். கல்யாணம் முடித்துப் பிள்ளை குட்டியோடு இருக்கும் சகோதரிகள் இதைக் கவனியுங்கள்.

தனியார் நிறுவனங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நகரத்துச் சுவரெல்லாம் "நேர்சிங் கோர்ஸ்" விளம்பரம். ஆறு மாதம், ஒரு வருடம், வெளிநாட்டு வேலை நிச்சயம் என்பார்கள். இலங்கையில் பதிவுபெற்ற தாதியாவதென்றால் இலங்கை தாதியர் சபையில் பதிய வேண்டும். 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. பராமரிப்பாளர் சான்றிதழ் நல்ல தொழிலுக்கு வழிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஒருவரைத் தாதியாக்காது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய ஒரு உம்மா, மகள் படித்து முடிந்த பிறகு அந்தச் சான்றிதழோடு தாதியர் சபையில் பதிய முடியாது என்று அறிந்துகொண்டு என்னிடம் வந்தார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பணம் கட்ட முன்னர் கேளுங்கள்: பட்டத்தை வழங்குவது யார்? மாணவர்கள் எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறுகிறார்கள்? முடித்தவர்களைத் தாதியர் சபை பதிகிறதா? கடைசிக் கேள்விக்கான பதிலை அந்த நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் கேட்காமல் தாதியர் சபையிலேயே கேளுங்கள். வெளிநாடு போக நினைப்பவர்களுக்கும் இதுவே ஆரம்பம். சவூதிக்கு ப்ரொமெட்ரிக் பரீட்சை, பிரித்தானியாவுக்கு ஆங்கிலத் தேர்ச்சியும் அவர்களது தாதியர் பேரவையின் பரீட்சைகளும் என்று வரிசை நீளும். அங்கெல்லாம் முதலில் கேட்பது சொந்த நாட்டுப் பதிவைத்தான்.

வீட்டில் எழும் எதிர்ப்பையும் பேசத்தான் வேண்டும். "பீ மூத்திரம் அள்ளவா இவ்வளவு படிச்ச?" என்று கேட்கும் பெரியம்மாவுக்கு, அவரே படுக்கையில் விழுந்தால் யாருடைய கை வேண்டும் என்று கேட்கலாம், மரியாதை கருதி நான் கேட்பதில்லை. போர்க்களத்தில் காயம்பட்டோரைப் பராமரித்த ருபைதா (ரழி) அவர்களை மகளிர் தின மேடைகளில் புகழ்கிறோம். பிரசவ வாட்டில் தமிழ் பேசும் பெண் தாதி இல்லையே என்று குறைப்படுகிறோம். அந்த வாட்டுக்கு யாருடைய மகள் போவது?

இரவு வேலை பற்றிய பயம் உண்மையானது. அரச ஆஸ்பத்திரியில் பொதுவாகக் காலை 7 முதல் 1 வரை, 1 முதல் 7 வரை, இரவு 7 முதல் காலை 7 வரை என்று முறை மாறும். இரவு முறை இல்லாத தாதி வேலையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த வேலையை ஏற்க மனமில்லையென்றால் பட்டத்துக்கு விண்ணப்பிக்க முன்னரே வீட்டில் பேசி முடிவெடுங்கள். நான்கு வருடம் படித்து முடித்த பிள்ளையிடம் நிகாஹ் பேச்சின்போது அதைச் சொல்லாதீர்கள். உடை, தொழுகை, விடுதி பற்றிய கேள்விகளுக்கு, அதே பீடத்தில் இரண்டாம் மூன்றாம் வருடம் படிக்கிற எமது பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ஊரில் யாராவது ஒருவரின் சொந்தக்காரப் பிள்ளை அங்கே இருக்கும். பெறுபேறு வர முன்னரே அந்தப் பிள்ளையோடு பேசிவிட்டால், விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கும்போது என் வீட்டு வாசலில் இவ்வளவு செருப்புகள் கிடக்காது.